ஏழூர் வலம்: காவிரிக் கரையில் ஒரு பகல் நடை

கோயிலுக்கு நடந்து செல்வதை நம் முன்னோர் தனியொரு விரதமாக எண்ணியதில்லை. ஊருக்கு ஊர் ஆறும், ஆற்றுக்கு ஆறு வாய்க்காலும் உள்ள சோழ வளநாட்டில் கரை என்பதே பாதையாக இருந்தது. நீர் எங்கெல்லாம் சென்றதோ, அங்கெல்லாம் அதன் ஓரமாக மனிதனும் நடந்தான். அவன் நடந்த இடமெல்லாம் ஈசனும் எழுந்தருளினான். அந்தப் பழைய வழக்கம் இன்றளவும் ஒரு திருவிழாவாக உயிரோடு இருக்கும் இடம் திருவையாறு. அதன் பெயர் ஏழூர் விழா. வடமொழியில் சப்தஸ்தானம் என்பர்.

திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் ஆகிய ஏழும் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள். ஊருக்கு ஊர் ஏறத்தாழ மூன்று, நான்கு கிலோமீட்டர் தொலைவு. ஏழையும் வலம் வந்து மீண்டும் ஐயாறப்பர் சந்நிதியை அடைய இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடக்க வேண்டும். கால் தளராதவர்க்கு ஒரு பகல் போதும்.

நந்தியின் திருமணமும் நன்றிப் பயணமும்

இந்த வலத்துக்குப் பின்னே ஒரு கல்யாணக் கதை இருக்கிறது. திருவையாற்றில் வாழ்ந்த சிலாத முனிவர் பிள்ளைப்பேறின்றி வருந்தி ஈசனை வேண்டினார். வேள்விக்காக நிலத்தை உழுதபோது ஒரு பெட்டி தோன்றியது. அதனுள் இருந்த குழந்தைக்குச் செபேசர் எனப் பெயரிட்டு வளர்த்தார். பிள்ளைக்கு ஆயுள் குறைவு என்று தெரிந்தபோது தந்தை கலங்கினார், பிள்ளை கலங்கவில்லை. நீரில் நின்று உருத்திர மந்திரத்தைச் செபித்துத் தவமிருந்தார். இறைவன் காட்சி தந்து, ஐவகைப் புனித நீரால் அவரை நீராட்டி, கணங்களுக்குத் தலைவராக்கினார் என்கிறது தலபுராணம். அவரே நந்தியெம்பெருமான்.

மகனுக்கு மணம் முடிக்கும் பொறுப்பையும் ஐயாறப்பரே ஏற்றார். வியாக்ரபாத முனிவரின் மகள் சுயசாம்பிகையைப் பெண் பார்த்துத் திருமழபாடியில் திருமணம் நடந்தது. பங்குனி மாதப் புனர்பூச நாளில் அங்கு இன்றும் அந்த விழா நடைபெறுகிறது. 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்று சொல்லி, மணமாகாத பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் கூட்டங்கூட்டமாக வருவதை நாம் அறிவோம்.

கல்யாணம் என்றால் சும்மா நடந்துவிடுமா? சுற்றியிருந்த ஊர்கள் எல்லாம் கை கொடுத்தன. திருப்பழனம் பழங்களைக் கொடுத்தது. திருச்சோற்றுத்துறை விருந்துக்கான அன்னத்தை அளித்தது. திருவேதிகுடியிலிருந்து வேதியர்கள் வந்தனர். திருக்கண்டியூர் ஆபரணங்களைத் தந்தது. திருப்பூந்துருத்தி மலர்களையும், திருநெய்த்தானம் வேள்விக்கான நெய்யையும் அனுப்பி வைத்தன என்பது ஐதீகம்.

மணம் முடிந்ததும் வீட்டுப் பெரியவர் என்ன செய்வார்? மணமக்களை அழைத்துக்கொண்டு, உதவியவர் வாசலுக்கெல்லாம் போய் நன்றி சொல்லிவிட்டு வருவார். ஐயாறப்பரும் அதையே செய்கிறார். சித்திரை மாத விசாக நாளையொட்டி அவர் அறம்வளர்த்த நாயகியோடு கண்ணாடிப் பல்லக்கில் புறப்படுகிறார். நந்தியும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கில் உடன் வருகின்றனர். ஒவ்வோர் ஊரிலும் அந்தந்த ஊர் இறைவன் எதிர்கொண்டு வரவேற்று, தாமும் பல்லக்கில் சேர்ந்துகொள்கிறார். நிறைவில் ஏழு பல்லக்குகளும் திருவையாற்றில் கூடும்போது, பொம்மை ஒன்று பூச்சொரிந்து வரவேற்கும் காட்சியைக் காண ஊரே திரண்டு நிற்கும்.

உதவி பெற்றவர் உலகாளும் ஈசன். உதவியவை ஆற்றங்கரைச் சிற்றூர்கள். ஆயினும் நன்றி சொல்ல அவரே புறப்பட்டு வருகிறார் என்பதில்தான் இந்த விழாவின் பெருமை அடங்கியிருக்கிறது.

நீர் சொல்லும் வழி

இந்தப் பகுதியில் நடப்பவர் ஐந்து நீர்களைப் பற்றி அறிந்திருப்பது நன்று. கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணையில் காவிரி பிரிகிறது. அங்கிருந்து வரும் காவிரியிலிருந்து திருக்காட்டுப்பள்ளி அருகே குடமுருட்டி கிளைக்கிறது. வெண்ணாறு கல்லணையிலேயே பிரிந்து வந்து, தென்பெரம்பூரில் வெட்டாறு, வடவாறு என்னும் கிளைகளைத் தருகிறது. தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்கு வரும் அன்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி எனப் பாலங்களைக் கடந்து வருவதைக் கண்டிருப்பார்கள். ஐயாறு என்ற பெயருக்கு இந்த ஐந்து ஆறுகளையே பொருளாகச் சொல்வோரும் உண்டு. நந்தியை நீராட்டிய ஐந்து நீர்களைச் சொல்வோரும் உண்டு.

ஆறுகளிலிருந்து மதகுகள் வழியே வாய்க்கால்கள் பிரிகின்றன. வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால், அதிலிருந்து வயல் மடை. நீர் ஓர் ஊரை நனைத்த பின்னரே அடுத்த ஊருக்குச் செல்லும். மேல்மடைக்காரர் மனம் வைத்தால்தான் கடைமடைக்காரர் உலையில் அரிசி வேகும். இப்படி ஒருவரையொருவர் நம்பி வாழும் ஊர்களைச் சம்பந்தி வீடுகள் போலப் பிணைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாகச் சுற்றி வரச் செய்கிறது இந்த விழா. நீரால் பிரிந்து கிடக்கும் கரைகளை நடை சேர்த்து வைக்கிறது.

மேட்டூர் அணை 1934 ஆம் ஆண்டு நிறைவு பெற்றபின், ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறந்து ஜனவரி 28 அன்று மூடுவது வழக்கமாயிற்று. ஆகையால் சித்திரையில் ஆறுகள் மணல் வெளியாகக் கிடக்கும். பல்லக்குகள் அந்த மணலில் இறங்கி அக்கரை ஏறுவதைக் காண்பது கண்கொள்ளாக் காட்சி. வாழைத் தோப்பு, வெற்றிலைக் கொடிக்கால், நெல் அறுத்த தாளில் விதைத்த உளுந்து, பயறு என வழியெங்கும் நிலத்தின் கோலம் மாறிக்கொண்டே வரும்.

பழனம் முதல் நெய்த்தானம் வரை

திருவையாற்றிலிருந்து காவிரியின் வடகரையோடு கிழக்கே நடந்தால் முதலில் வருவது திருப்பழனம். இறைவன் ஆபத்சகாயர், அம்மை பெரியநாயகி. இதன் அருகிலுள்ள திங்களூர் நடைப்பயணிகள் மறக்கக்கூடாத ஊர். அங்கு வாழ்ந்த அப்பூதியடிகள், திருநாவுக்கரசரைக் கண்ணால் காணும் முன்பே அவரைக் குருவாகக் கொண்டவர். தம் பிள்ளைகளுக்கும், குளத்துக்கும், தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரையே வைத்தவர். வழிநடந்து வந்த அப்பர் தம் பெயரால் ஒரு தண்ணீர்ப் பந்தல் நிற்பதைக் கண்டு வியந்தே அடிகளின் இல்லம் சென்றார். விருந்துக்கு வாழைக் குருத்து அரியச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டியதும், அடியார் அமுது செய்வது தடைப்படலாகாதென்று பெற்றோர் அத்துயரை மறைத்ததும், அப்பர் பதிகம் பாடி அப்பிள்ளையை உயிர்ப்பித்ததும் பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அந்தக் கதை முழுவதும் ஒரு குவளைத் தண்ணீரில் தொடங்கியது. இன்றும் ஏழூர் விழாவின்போது வழியெங்கும் நீர்மோரும் பானகமும் வார்க்கும் கைகள் அப்பூதியடிகளின் கைகளே.

காவிரியையும் குடமுருட்டியையும் கடந்தால் திருச்சோற்றுத்துறை. இறைவனுக்கு ஓதனவனேசுவரர், தொலையாச் செல்வர் என்னும் திருநாமங்கள். ஓதனம் என்றால் சோறு. பஞ்சம் வந்த காலத்தில் அருளாளன் என்னும் அடியவர், பசித்தவர்க்குச் சோறிட வழியின்றித் தவித்தபோது, எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்தை இறைவன் அருளினார் என்பர். அம்மையின் பெயர் அன்னபூரணி. வெறும் வயிற்றோடு வந்தவரை இவ்வூர் அனுப்பியதில்லை என்பது வழிவழிச் சொல்.

வயல்வெளி நடுவே திருவேதிகுடி. வேதங்கள் வழிபட்டமையால் இறைவன் வேதபுரீசுவரர்; அம்மை மங்கையர்க்கரசி. வேத ஒலியைச் செவிசாய்த்துக் கேட்கும் விநாயகரையும், வழக்கத்துக்கு மாறாக வலப்புறம் அம்மையாக நிற்கும் அர்த்தநாரீசுவரரையும் இங்கே தரிசிக்கலாம். விழா நாள் தவிர மற்ற நாட்களில் கூட்டமின்றி அமைதியாக இருக்கும் இக்கோயிலில் சற்று அமர்ந்து காலாறுவது உடலுக்கும் மனத்துக்கும் நல்லது.

தஞ்சைச் சாலையோரம் உள்ள திருக்கண்டியூர் அட்ட வீரட்டானங்களுள் ஒன்று. நான்முகனின் செருக்கடக்க அவர் ஐந்தாம் தலையைச் சிவபெருமான் கொய்த தலம். இங்கே பிரமனும் கலைமகளும் ஒருங்கே அமர்ந்த எழில்மிகு வடிவங்கள் உள்ளன. மாசி மாதத்தில் சில நாட்கள் மாலைக் கதிரவனின் ஒளி இறைவன் திருமேனியில் படுவதைக் காண அன்பர்கள் வருவதுண்டு. அருகிலேயே நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றான அரன் சாபம் தீர்த்த பெருமாள் கோயில். சிவனும் திருமாலும் ஒரே ஊரில் ஒரே கதையைப் பகிர்ந்து நிற்கின்றனர். நடுப்பகல் நடையடைப்புக்கு முன் இங்கு வந்து சேர்வது நலம்.

மேற்கே திருப்பூந்துருத்தி. துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை. திருநாவுக்கரசர் மடம் அமைத்துத் தங்கியிருந்த ஊர் இது. பாண்டிநாட்டுப் பயணம் முடித்து அவரைக் காண முத்துச் சிவிகையில் வந்த ஞானசம்பந்தரை எதிர்கொள்ளச் சென்ற அப்பர், கூட்டத்தோடு கூட்டமாய்ப் புகுந்து சிவிகையைத் தம் தோளில் தாங்கினார். அப்பர் எங்கே என்று பிள்ளையார் கேட்க, உம் அடிகளைத் தாங்கும் பேறு பெற்று இங்கேதான் இருக்கிறேன் என்று கீழிருந்து குரல் வந்தது. பதறிப்போன சம்பந்தர் இறங்கி வணங்க, அவரும் வணங்கினார். அப்பர் உழவாரம் செய்த மண்ணை மிதிக்கத் தயங்கி வெளியே நின்ற சம்பந்தருக்காக நந்தி விலகியதாகவும் சொல்வர். வயதில் முதிர்ந்தவர், பாலறாவாயரின் பல்லக்கைச் சுமந்த மண் இது. ஏழூர் விழாவில் பல்லக்குத் தாங்கும் தோள்கள் இவ்வூருக்குள் நுழையும்போது, சீர்பாதம் தாங்குவோரின் தொண்டு எத்தகையது என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

அங்கிருந்து மீண்டும் காவிரியைக் கடந்து வடகரை ஏறினால் திருநெய்த்தானம். மக்கள் வழக்கில் தில்லைஸ்தானம். இறைவன் நெய்யாடியப்பர். பசுநெய்யால் திருமுழுக்காட்டி, பின்னர் வெந்நீரால் நீராட்டுவது இங்குள்ள மரபு. இங்கிருந்து திருவையாறு இரண்டு கிலோமீட்டர்தான். பொழுது சாயும் நேரத்தில் ஆற்றுக் காற்றோடு அந்தக் கடைசித் தொலைவைக் கடக்கலாம்.

திருவையாற்றுப் பெருங்கோயிலுக்குள் வந்ததும் அவசரப்படாமல் திருச்சுற்றுகளை வலம் வரவேண்டும். முதலாம் இராசராசனின் தேவியார் உலகமாதேவி எடுப்பித்த வடகயிலாயமும், இராசேந்திரன் தேவியார் பஞ்சவன் மாதேவி பெயர் சொல்லும் தென்கயிலாயமும் இவ்வளாகத்துள்ளேயே உள்ளன. பகல் முழுதும் நடந்த கால்கள் கயிலாயத்துக்கே வந்து சேர்கின்றன.

தேய்ந்த பாதங்களின் கதை

திருவையாறு என்றதும் முதியோர் நினைவில் கொள்ளத்தக்க மற்றொரு வரலாறு உண்டு. முதுமையில் அப்பர் பெருமானுக்குக் கயிலை காணும் ஆசை எழுந்தது. நடந்தார். கால்கள் தேய்ந்தன. கைகளால் தாவிச் சென்றார், கைகளும் தேய்ந்தன. மார்பால் ஊர்ந்தார்; புரண்டார். உடம்பில் இனி அசைய ஏதுமில்லை என்ற நிலையில் ஒரு முனிவர் வடிவில் இறைவன் எதிர்ப்பட்டு, மானிட உடம்போடு கயிலை காணல் அரிது, திரும்பிச் செல்க என்றார். திரும்பமாட்டேன் என்றார் அப்பர். அப்போது இறைவன் அவர் உடலை நலமாக்கி, அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் கயிலைக் காட்சி காண்பாய் என்று பணித்தார். வடக்கே மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். களிறும் பிடியும், சேவலும் பேடும் எனக் கண்ணில் பட்ட உயிர் இணைகள் எல்லாம் அம்மையப்பராகத் தோன்றின. ஆடி அமாவாசையன்று இந்தக் கயிலைக் காட்சி விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

நம்மில் எத்தனையோ பேர் முழங்கால் வலியால் மாடிப்படி ஏறவே தயங்குகிறோம். முன்பு ஏழூரும் நடந்தவர் இன்று ஓரூர் நடக்க முடியாமல் ஏங்குவார். அந்த ஏக்கத்துக்கு அப்பர் வரலாறு மருந்தாகிறது. அவருடைய கால்கள் கயிலையை எட்டவில்லை. கயிலையே ஐயாற்றுக்கு வந்தது. ஆசை உண்மையாக இருந்தால், உடம்பு நின்ற இடத்துக்கு இறைவன் வருவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஏழூர் விழாவின் அமைப்பும் இதையே சொல்கிறது. நடப்பவர் ஒரு பாதி. வாசலில் காத்திருப்பவர் மறுபாதி. கோலமிட்டு, விளக்கேற்றி, தேங்காய் பழத்தோடு திண்ணையில் காத்திருக்கும் மூதாட்டி வீட்டு வாசலுக்கே ஐயாறப்பர் வருகிறார். நன்றி சொல்ல வருபவருக்கு வாசலில் ஆளில்லாமற் போனால் அந்தப் பயணம் நிறைவுறாது. ஆகவே நடக்க இயலாதவர் விழாவுக்கு வெளியே நிற்பவர் அல்லர். நீர்மோர் கொடுப்பதும், நடந்து வந்தவர் பாதத்துக்கு நீர் வார்ப்பதும் இவ்வலத்தின் அங்கங்களே.

நடக்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்

விழா நாளில் பல்லக்குகள் ஊர்தோறும் நின்று உபசாரம் ஏற்பதால் அவை திரும்ப மறுநாளாகும். பல்லக்கோடு செல்ல விரும்பும் முதியோர் முழு வழியையும் தொடர வேண்டியதில்லை. இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட ஒரு பகுதியை மட்டும் தேர்ந்துகொள்ளலாம். திருநெய்த்தானத்திலிருந்து திருவையாறு வரை உள்ள வழி எளிது.

தனியாகவோ குடும்பத்தோடோ நடப்பவர்க்கு மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. வெயில் தணிந்திருக்கும், ஆற்றிலும் வாய்க்காலிலும் நீர் இருக்கும். ஆனால் அப்போது ஆற்றில் இறங்கிக் கடக்க முயலக்கூடாது. சற்றுச் சுற்றானாலும் பாலங்கள் வழியே செல்ல வேண்டும். சித்திரையில் மணலில் இறங்குவோரும் மேடு பள்ளம் பார்த்து, கைத்தடி ஊன்றி, இளையவர் துணையோடு நடக்க வேண்டும்.

விடியுமுன் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் பாதித் தொலைவைக் கடக்கலாம். பெரும்பாலான கோயில்கள் நண்பகலுக்கு மேல் நடைசாத்தி மாலை நான்கு மணியளவில் திறப்பதால், அந்நேரத்தை ஓய்வுக்கு ஒதுக்கலாம். வெறுங்காலோடு நடப்பது மரபு. எனினும் நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தில் புண் படாமல் காத்துக்கொள்ள வேண்டும். கோயில் வாசல் வரை காலணியோடு நடப்பதால் பக்தி குறைந்துவிடாது. மருந்தும், குடிநீரும், வீட்டாரின் தொலைபேசி எண் எழுதிய சீட்டும் கையில் இருக்கட்டும். ஒரே நாளில் முடியாதவர் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம்: முதல் நாள் ஐயாறு முதல் வேதிகுடி வரை, மறுநாள் கண்டியூர் முதல் நெய்த்தானம் வரை.

இன்று வாகனத்தில் ஏறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏழு கோயில்களையும் தரிசித்துவிடலாம். இயலாதவர்க்கு அது பெரும் உதவி. ஆனால் இயன்றவரும் வாகனத்தையே நாடினால், கரைப்பாதைகள் புதர் மூடும். தண்ணீர்ப் பந்தல் வைப்பதற்குக் காரணம் இல்லாமற் போகும். பல்லக்குக்குத் தோள் கிடைக்காது. பல ஊர்களில் இப்போதே தோளுக்குப் பதில் சக்கரங்கள் வந்துவிட்டன. குடந்தையிலும் சக்கரப்பள்ளியிலும் இதுபோன்ற ஏழூர்ப் பல்லக்கு விழாக்கள் உண்டு. அவையும் நிலைபெற நடக்கும் கால்கள் வேண்டும்.

ஆகவே பெரியோர்கள் தம்மால் நடக்க முடியாவிட்டாலும் பேரன் பேத்தியரை ஒருமுறை அனுப்பி வைக்கலாம். பழனம் என்ன கொடுத்தது, நெய்த்தானம் என்ன கொடுத்தது என்று வழிக்கதை சொல்லி அனுப்பலாம். அவர்கள் திரும்பி வந்ததும் எந்த ஊரில் என்ன கிடைத்தது என்று கேட்கலாம். ஒரு குவளை மோர் என்று அவர்கள் சொன்னாலும் போதும். கேட்கும் காதுக்கு அதுவே ஏழூர் தரிசனம்.

ஐயாறப்பர் திருவருள் அனைவர் இல்லத்திலும் நிறைக!